பாங்காக்கில் டாக்சிக் கட்டணம்: எங்கே மீட்டர், எங்கே பேரம்

நிறுவன வேலையாக ஆறு மாதம் பாங்காக்கில் தங்கப் போவதாகவும், வெளிநாட்டவர் என்று தெரிந்தாலே அங்குள்ள டாக்சி ஓட்டுநர்கள் இரு மடங்கு கேட்பார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துவதாகவும் எழுதி, நியாயமான கட்டணத்துக்கு எப்படிப் பேரம் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நகரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் டாக்சிக் காருக்குப் பேரம் பேசத் தொடங்கிய நொடியே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்துவிட்டீர்கள் என்று பொருள். அங்கே 1992 முதல் டாக்சிகளில் மீட்டர் இருக்கிறது, கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, நகருக்குள் அந்த மீட்டரை ஓடவிட வேண்டியது ஓட்டுநரின் சட்டக் கடமை. ஆகவே காரில் ஏறும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" என்பதே அன்று, "மீட்டர் போடுவீர்களா?" என்பது மட்டுமே.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக அங்கே இறங்கிய இரவில், வருகைக் கூடத்தில் என்னை அணுகிய ஒருவர் நகரின் சுகும்வித் பகுதிக்கு 800 பாட் (தாய்லாந்து நாணயம்) கேட்டார். நம் ஊர்ப் பழக்கத்தில் நான் கால்மணி நேரம் பேசி 600-க்குக் கொண்டுவந்து, வெற்றி பெற்ற உணர்வோடு போய்ச் சேர்ந்தேன். சில வாரங்கள் கழித்து அதே பாதையில் மீட்டர் போட்டு வந்தபோது, சுங்கமும் விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேர்த்தே 400 பாட்டைத் தாண்டவில்லை. முதல் எண்ணை அவர் சொல்லிவிட்டார். அந்த எண்ணிலிருந்து எவ்வளவு இறக்கினேன் என்பதையே நான் அளந்துகொண்டிருந்தேன், உண்மையான விலை எது என்பதை அளக்கவில்லை. பேச்சுத் திறமை எவ்வளவு இருந்தாலும், விலை தெரியாதவர் பேரத்தில் தோற்கத்தான் செய்வார்.

எனவே விலையைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குவோம். 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட கட்டணத்தின்படி சாதாரணக் கார்களுக்கு முதல் ஒரு கிலோமீட்டருக்கு 35 பாட், பெரிய வண்டிகளுக்கு 40 பாட். அதன்பின் பத்தாவது கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 6.50 பாட், பத்திலிருந்து இருபது வரை 7 பாட், இருபதிலிருந்து நாற்பது வரை 8 பாட். நெரிசலில் வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துக்கும் கீழே ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3 பாட் கூடும். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து சுகும்வித்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்: 35, பிறகு ஒன்பது கிலோமீட்டருக்கு 58.50, அடுத்த பத்துக்கு 70, அதற்கடுத்த பத்துக்கு 80, ஆக 243.50 பாட். நெரிசலில் இருபது நிமிடம் நின்றால் இன்னும் 60. விமான நிலையத்தில் ஏறியதற்கு 50 பாட் தனி. விரைவுச் சாலையில் போனால் வழக்கமாக 25, 50 என்று இரண்டு சுங்கச் சாவடிகள் வரும். அந்தப் பணத்தைப் பயணிதான் கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 430 பாட் அளவில் வந்து நிற்கும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்திருந்தால், 800 என்று ஒருவர் சொல்லும்போது கோபமோ தயக்கமோ இல்லாமல் புன்னகையோடு விலகிவிடலாம். பாட்டை ரூபாயாக மாற்றி "பரவாயில்லையே" என்றோ "ஐயோ" என்றோ எண்ணுவதை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள்; சென்னை விலையோடு ஒப்பிடுவது நியாயத்தைக் காட்டாது, குழப்பத்தையே தரும்.

விமான நிலையத்தில் நடைமுறை எளிது. வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது; அங்கே "டாக்சி, டாக்சி" என்று அருகில் வருபவர்களையும், சொகுசுக் கார் பதிவு செய்யும் மேசைகளையும் கடந்து முதல் தளத்துக்கு இறங்குங்கள். வெளியே பொது டாக்சி வரிசையில் உள்ள இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் உங்கள் வண்டி நிற்கும் இடத்தின் எண் இருக்கும். அந்தச் சீட்டை இறங்கும் வரை கையிலேயே வைத்திருங்கள். எந்த வண்டி, எந்த ஓட்டுநர் என்பதற்கு அதுதான் ஆதாரம். சில ஓட்டுநர்கள் அதைத் தங்களிடம் கொடுத்துவிடும்படி கேட்பார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். பெட்டி குறைவாக இருந்து, பகலில் இறங்கினால் டாக்சியே வேண்டாம் என்பேன். அடித்தளத்திலிருந்து புறப்படும் விமான நிலைய ரயில் நகருக்குள் உள்ள பாயா தாய் நிலையம் வரை அரைமணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும், அதிகபட்சக் கட்டணம் 45 பாட். அங்கிருந்து உயர்பாதை ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம்.

நகருக்குள் சாலையில் நின்று கைகாட்டும்போது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்துங்கள்; நின்றுகொண்டிருக்கும் வண்டியிடம் போகாதீர்கள். முன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி காலி என்று பொருள். பெரிய விடுதிகள், அரண்மனை, இரவுச் சந்தை போன்ற இடங்களின் வாசலில் காத்திருக்கும் ஓட்டுநர் தன் நேரத்தை அங்கே முதலீடு செய்துவிட்டார்; அதை மீட்டர் ஈடுசெய்யாது என்பதால் மொத்தத் தொகைதான் கேட்பார். அங்கிருந்து நூறடி நடந்து பெருஞ்சாலைக்கு வந்தால் நிலைமை மாறிவிடும். வண்டி நின்றதும் உள்ளே உட்கார்ந்துவிடாமல், கதவைத் திறந்து இடத்தின் பெயரைச் சொல்லி, "மீட்டர் க்ரப்" என்று சேருங்கள். பெண்கள் "மீட்டர் கா" என்பார்கள். க்ரப், கா இரண்டும் நம் "ங்க" போல மரியாதைக்கான ஒட்டுகள். அவர் தலையசைத்தால் ஏறுங்கள். 300, 400 என்று எண் சொன்னால் நன்றி கூறிக் கதவை மூடிவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள். மூன்று, நான்கு பேர் மறுப்பது சாதாரணம், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏறியபின் மீட்டரில் 35 (பெரிய வண்டியானால் 40) என்று தெரிகிறதா என்று பாருங்கள், முந்தைய பயணியின் தொகையிலிருந்து அது தொடர்ந்துவிடக் கூடாது.

அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் மனம் அமைதியடையும். புது நாட்டில் வாழப் போகிறவருக்கு இது கட்டண விவரத்தைவிட முக்கியம் என்று நான் கருதுகிறேன். பாங்காக் டாக்சி ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு வண்டி சொந்தமில்லை. பாதி மஞ்சளும் பாதி பச்சையுமாக இருக்கும் வண்டிகள் தனிநபருக்குச் சொந்தமானவை; இளஞ்சிவப்பு, நீலம் போன்ற ஒரே நிற வண்டிகளில் பல, நிறுவனங்களிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தோ பன்னிரண்டு மணி நேர முறைக்கு (ஷிப்ட்) வாடகைக்கு எடுக்கப்பட்டவை. வாடகையும் எரிவாயுச் செலவும் போக மிஞ்சுவதுதான் அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பணம். நெரிசலில் நிமிடத்துக்கு 3 பாட் என்றால் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலும் 180 பாட்தான். அந்த நேரத்தில் வெறும் சாலையில் ஓடினால் அவர் பல மடங்கு ஈட்டியிருப்பார். எனவே மாலை ஆறு மணிக்கு நகரின் நடுவே போகச் சொன்னால் தாய்லாந்து மொழி பேசும் பயணியையும் அவர் மறுப்பார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணி வரை முறை மாறும் நேரம். "சொங் ரொட்" என்று சொல்லிக் கையசைத்தால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், நீங்கள் போகுமிடம் என் வழியில் இல்லை என்று பொருள். அது பல நேரம் உண்மையாகவே இருக்கும்.

இதில் நமக்குப் பழக்கமான ஒரு பாடமும் இருக்கிறது. சென்னையில் 2013 ஆகஸ்டில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போக, அந்தக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமல் கிடந்தது. மீட்டர் பெயருக்கு மட்டும் இருக்கும் பொருளானது. பாங்காக்கிலும் 2014 டிசம்பரில் உயர்த்திய கட்டணத்தை அடுத்து உயர்த்த 2023 ஆனது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் எரிவாயுவும் அரிசியும் அதே விலையில் நிற்கவில்லை. அதிகமாகக் கேட்பதற்கு இது நியாயம் ஆகாது. ஆனால் அதிகமாகக் கேட்கிறவர் எல்லாரையும் திருடர் என்று நினைத்து வாழ்ந்தால் ஆறு மாதமும் உங்களுக்குக் கசந்துவிடும்.

ஆகவே மீட்டருக்கு மேல் மனமுவந்து கொடுக்கத்தக்க சந்தர்ப்பங்களும் உண்டு. கொட்டும் மழையில், இரவு இரண்டு மணிக்கு, திரும்பி வரும்போது பயணியே கிடைக்காத புறநகர்ப் பகுதிக்குப் போகச் சொல்கிறீர்கள் என்றால், மீட்டருக்கு மேல் 50 அல்லது 100 பாட் கேட்பது நியாயமான கோரிக்கைதான், நானும் கொடுத்திருக்கிறேன். எது நியாயம் என்பதை அளக்கக் கைப்பேசியில் கிராப் அல்லது போல்ட் செயலியை வைத்திருங்கள். அந்தச் செயலிகளில் வண்டியே அழைக்காவிட்டாலும், போகும் இடத்தைப் போட்டால் அந்த நேரத்துக்கான தொகை தெரியும். ஓட்டுநர் சொல்வது அந்தத் தொகைக்கு அருகில் இருந்தால் ஏறிவிடலாம். மழை நேரத்தில் செயலியின் விலையும் எகிறும், அப்போது சாலையில் கிடைக்கும் மீட்டர் வண்டியே மலிவு. மொழி தெரியாத முதல் இரண்டு வாரங்களுக்குச் செயலியையே நம்புங்கள் என்பது என் பரிந்துரை. போகும் இடத்தை வாயால் விளக்க வேண்டிய சிரமமே அதில் இல்லை.

உண்மையான பேரம் நடக்கும் இடம் துக்துக் என்ற மூன்று சக்கர வண்டி. அதற்கு மீட்டர் கிடையாது. பேசிய விலைதான் விலை. அதே தூரத்துக்குக் குளிரூட்டிய டாக்சியைவிட அது பெரும்பாலும் கூடுதலாகவே ஆகும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். செயலியில் தொகையைப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையையே மேல் எல்லையாக மனத்தில் குறித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். "தாவ் ரை" என்றால் எவ்வளவு. அவர் 200 சொன்னால் நீங்கள் 80 சொல்லுங்கள், 100 அல்லது 120-இல் முடியலாம். முடியாவிட்டால் நடந்து போங்கள். இரண்டடி வைப்பதற்குள் கூப்பிட்டால் அவருடைய முதல் விலை வீங்கியது, கூப்பிடாவிட்டால் நீங்கள் கேட்டது கட்டுப்படியாகாத விலை. இப்படி ஓரிரு நாள் நடந்தாலே சந்தை நிலவரம் பிடிபட்டுவிடும். பேசி முடித்ததும் தொகையைக் கைப்பேசித் திரையில் எண்ணாகக் காட்டி, அது எல்லாருக்கும் சேர்த்துத்தான், ஒருவருக்கு அன்று என்பதையும் சைகையால் உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்கும்போது "ஆளுக்கு 100" என்று எழும் சச்சரவுகளுக்கு அடிப்படை, ஏறும்போது விடுபட்ட இந்த ஒரு சொல்தான்.

மலிவு விலைக்கும் அஞ்ச வேண்டிய இடம் இது. அரண்மனைப் பக்கம் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூசை நடக்கிறது, 20 பாட்டுக்கு இந்தத் துக்துக் உங்களை வேறு கோயில்களுக்கெல்லாம் அழைத்துப் போகும்" என்று அன்பாகப் பேசினால், அந்தப் பயணம் இரத்தினக் கடையிலோ தையற்கடையிலோ போய்த்தான் முடியும். பயணியைக் கொண்டுவந்து விடுவதற்காகக் கடைக்காரர்கள் ஓட்டுநருக்குத் தரகும் எரிபொருள் சீட்டும் கொடுப்பதால்தான் 20 பாட் கட்டுப்படியாகிறது. அரண்மனை வழக்கமாக நாள்தோறும் காலை 8.30 மணிக்குத் திறந்துவிடும். வாசல் வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். அடக்க விலைக்கும் கீழே யாராவது ஓட்ட முன்வந்தால், மீதிப் பணத்தை வேறு எங்கோ உங்களிடமிருந்தே எடுக்கப் போகிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

விடுமுறையில் வேறு ஊர்களுக்குப் போவீர்கள். பட்டாயாவில் கடற்கரைச் சாலையைச் சுற்றி ஓடும் சொங்தேவ் என்னும், பின்புறம் இரண்டு இருக்கைப் பலகைகள் கொண்ட பொது வண்டியில் விலை கேட்பதே தவறு. ஓடிவரும் வண்டியில் கைகாட்டி ஏறி, வேண்டிய இடத்தில் மணியை அழுத்தி இறங்கி, முன்னால் போய் 10 பாட்டைக் கொடுத்துவிட்டு நடப்பதே நெடுங்கால வழக்கம். நின்றிருக்கும் காலி வண்டியிடம் போய் "எவ்வளவு?" என்று கேட்டால், நீங்கள் வண்டியைத் தனியாக அமர்த்துகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு அவர் நூறிலிருந்து தொடங்குவார், அவர் பக்கத்தில் அதில் பிழையும் இல்லை. சியாங் மாயில் ஓடும் சிவப்பு வண்டிகளில் இடத்தைச் சொல்லி, அவர் தலையசைத்தால் ஏறிக்கொள்ள வேண்டும். புக்கெட்டில் கடற்கரைப் பகுதிகளில் மீட்டர் வண்டி அரிது, உள்ளூர்க் குழுக்கள் பலகையில் எழுதி வைத்த விலையே விலை, அது பாங்காக்கைவிடப் பல மடங்கு. அங்கே வாதாடி நேரத்தைப் போக்குவதைவிட, விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியாக ஓடும் ஸ்மார்ட் பஸ்ஸில் 100 பாட்டுக்குப் போவது மேல்.

தினமும் அலுவலகம் போக ரயில் நிலையத்திலிருந்து சந்துக்குள் செல்ல ஆரஞ்சு மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களே கைகொடுப்பார்கள். அவர்கள் நிற்கும் இடத்துக்கு "வின்" என்று பெயர். பல இடங்களில் கட்டணப் பலகை தொங்கும். அண்டைவீட்டாரிடம் ஒருமுறை தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த நாள் முதல் கேட்காமலே சரியான சில்லறையைக் கொடுத்துவிடுங்கள். தொகையைக் கேட்காமல் நீட்டுகிறவரை அந்தப் பகுதிக்காரராகவே பார்ப்பார்கள். தலைக்கவசம் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

சில்லறை பற்றி நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பணம் மாற்றும் கடையிலும் வங்கி இயந்திரத்திலும் கிடைப்பவை பெரும்பாலும் 1000 பாட் நோட்டுகள். 87 பாட் கட்டணத்துக்கு அதை நீட்டினால் ஓட்டுநரிடம் மீதி இருக்காது; இல்லை என்று அவர் சொல்வது தந்திரமா உண்மையா என்று உங்களால் அறிய முடியாது. எந்த செவன் இலெவன் கடையிலும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி அந்த நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள். பச்சை நிற 20, நீல நிற 50, சிவப்பு நிற 100 எப்போதும் பையில் இருக்கட்டும். மீட்டர் 87 காட்டினால் 90 அல்லது 100 கொடுத்து மீதியை விட்டுவிடுவது அங்கே பரவலான வழக்கம், அது கட்டாயமும் இல்லை.

இடத்தின் பெயரைச் சரியாகச் சொல்வதும் பணத்தை மிச்சப்படுத்தும். ஓட்டுநர்களில் பலர் ரோமன் எழுத்து வாசிக்க மாட்டார்கள். விடுதி முகவரியைத் தாய்லாந்து எழுத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீலோம் சாலையில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் போகாமல் இருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். "மாரியம்மன் கோயில்" என்றால் ஓட்டுநருக்கு விளங்காது. "வட் கேக், சீலோம்" என்று சொல்லுங்கள், உடனே வண்டி நகரும். ஊர்க்காரர்கள் வழங்கும் பெயரை அறிந்தவரைச் சுற்றிக் கொண்டுபோவது குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் தகராறு வரும். அப்போது குரலை உயர்த்தாதீர்கள். தாய்லாந்து மக்களிடையே பொது இடத்தில் கத்துகிறவர் தன் தரப்பு நியாயத்தையும் சேர்த்தே இழக்கிறார். மேலும், பிறர் முன் அவமானப்பட்ட ஓட்டுநர் விட்டுக்கொடுக்க முடியாத நிலைக்குத் தள்ளப்படுவார். பின் கதவில் எழுதியிருக்கும் வண்டி எண்ணைப் படமெடுத்து, மீட்டர் காட்டும் தொகையைக் கொடுத்து இறங்கிவிடுங்கள். தரைப் போக்குவரத்துத் துறையின் 1584 என்ற எண்ணில் முறையிடலாம். பயணியை ஏற்ற மறுத்தலும் மீட்டர் போடாமையும் அங்கே அபராதத்துக்குரியவை. மிரட்டல் என்று தோன்றினால் சுற்றுலாக் காவல் துறையின் 1155-ஐ அழையுங்கள், அங்கே ஆங்கிலம் பேசுவார்கள். நள்ளிரவில், தனியாக, ஆளரவமற்ற இடத்தில் என்றால் 100 பாட்டுக்காக நிற்க வேண்டாம், கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள், முறையீட்டை மறுநாள் செய்யலாம்.

ஆறு மாதம் முடிந்து ஊர் திரும்பும்போது முறை மாறும் பிற்பகல் நேரத்தைத் தவிர்த்து வண்டி பிடியுங்கள். நகரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பயணத்தில் அந்த 50 பாட் கூடுதல் கட்டணம் கிடையாது. அது அங்கிருந்து ஏறுகிறவர்களுக்கு மட்டுமே. யாராவது அதைச் சேர்த்துக் கேட்டால், கட்டண விவரம் உங்களுக்குத் தெரியும் என்பதைப் புன்னகையோடு சொல்லிவிடுங்கள்.